முட்டி வலிக்கு யார் காசு கொடுக்கணும்?

சென்னையில் மருத்துவ தர்மத்துக்குக் குறைச்சல் கிடையாது. அடையாறு காந்தி நகர் பக்கம் போனால் புற்றுநோய் மருத்துவமனை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் இந்திய மாதர் சங்கத்தாரும் நன்கொடை திரட்டி 1954-ல் திறந்தது. தரமணி பக்கம் திரும்பினால் வி.எச்.எஸ்., டாக்டர் கே.எஸ். சஞ்சீவி 1958-ல் தொடங்கியது. நுங்கம்பாக்கத்தில் 1978-ல் வந்த சங்கர நேத்ராலயா. மேற்கு மாம்பலத்தில் பப்ளிக் ஹெல்த் சென்டர். இவற்றுக்கெல்லாம் பின்னால் பெரிய முதலாளி மட்டும் இல்லை. மயிலாப்பூரிலும் தி.நகரிலும் பென்ஷன் பணத்தில் ஐந்நூறும் ஆயிரமும் எழுதிக் கொடுத்தவர்களும் உண்டு.

கண்ணுக்கு ஒரு இடம் இருக்கு, புற்றுநோய்க்கு ஒரு இடம் இருக்கு. முட்டிக்கு? அப்படி ஊரே பெயர் சொல்லும் ஒரு தர்ம ஸ்தாபனம் இல்லை. இத்தனைக்கும் இந்த ஏரியாவில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் கால் முட்டியைத் தடவிக்கொண்டே எழுந்து வரும் ஒருவர் இருப்பார்.

முட்டிக்குப் பணமே வரவில்லை என்று சொல்லவில்லை. வருது. இலவச முகாமாக வருது, "ஏழை நோயாளிக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு உதவுங்கள்" என்ற வேண்டுகோளாக வருது. என் விமர்சனம் பணம் எங்கே போய்ச் சேருகிறது என்பது பற்றி. முட்டி வலியின் கடைசிப் படிக்குத்தான் கிட்டத்தட்ட எல்லாம் போகிறது. வலி ஏன் வருது, யாருக்கு வருது, எது உதவும், எது உதவாது என்ற கேள்விகளுக்கும், அந்தப் பதில்களை வலிக்கிற ஆளிடம் கொண்டு போய்ச் சேர்க்கிற வேலைக்கும் இங்கே காசு கொடுப்பார் இல்லை. ஆனால் மருத்துவ அறக்கட்டளை என்று ஒன்று இருப்பதற்கான முதல் நியாயமே அந்த வேலைதான் என்பது என் கட்சி. ஏன் என்று கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

சாகடிக்காத வலி

முட்டித் தேய்மானம் ஆளைக் கொல்லாது. நன்கொடை கேட்கிறவர்களுக்கு இதுதான் முதல் கஷ்டம். கண் தெரியாத குழந்தையின் படத்தைப் போட்டால் கை தானாகப் பைக்குள் போகும். மாடிப்படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கும் அறுபது வயது அம்மாவின் படத்தைப் போட்டால், "வயசாச்சுன்னா வரத்தான் செய்யும்" என்று நகர்ந்து விடுவோம்.

ஆனால் எண்ணிக்கை சின்னது இல்லை. இந்தியாவில் ஐந்து இடங்களில், பெருநகரம் முதல் கிராமம் வரை, 5,000 பேரைப் பார்த்து, எக்ஸ்ரே எடுத்து உறுதி செய்து 2016-ல் வெளியான ஆய்வில் முட்டித் தேய்மானம் 28.7 சதவீதம். பெண்களில் 31.6. வயது, உடல் பருமன், உட்கார்ந்தே செய்யும் வேலை ஆகியவையும் கூடவே வரும் காரணிகள் என்று அதில் கண்டார்கள்.

பெண்களுக்கு அதிகம் என்பதை அழுத்தமாகப் படிக்கணும். நம்ம வீடுகளில் அம்மாவின் முட்டி வலி ஒரு நோயாகவே எண்ணப்படுவதில்லை. அது ஒரு பழக்கம் மாதிரி. தைலம் தேய்ப்பது, நீ கேப் போடுவது, மெடிக்கல் ஷாப்பில் போய் "வலி மாத்திரை ரெண்டு" என்று கேட்பது. வருடக்கணக்கில் இப்படியே ஓடி, ஒரு நாள் டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து, "ஜவ்வு சுத்தமா தேஞ்சு போச்சும்மா, மாத்திடலாம்" என்பார். தர்மப் பணம் உள்ளே வருவது அந்த நாளில்தான். அதற்கு முந்தைய பதினைந்து வருடத்துக்கு யாரும் பொறுப்பில்லை.

கடைசிப் படியில் நடந்த நல்லது

அந்தக் கடைசிப் படியில் நடந்த நல்லதைச் சொல்லாமல் போனால் அது நியாயம் இல்லை. 2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் செயற்கை முட்டிக்கு உச்ச விலை வைத்தது. பெரும்பாலோருக்குப் பொருத்தப்படும் கோபால்ட் குரோமியம் வகையின் விலை சராசரியாக 1,58,324 ரூபாயாக இருந்தது, வரி நீங்கலாக 54,720 ரூபாய்க்கு இறங்கியது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டம் 2012 முதல் இருக்கு. அதில் அரசு மருத்துவமனையிலேயே முட்டி மாற்றிக்கொண்டவர்கள் உண்டு. தேய்ந்து முடிந்த முட்டிக்கு அறுவை சிகிச்சை நல்ல வைத்தியம். அதில் எனக்கு மறுப்பு இல்லை.

ஆனால் ஒரு ஆய்வைப் பாருங்க. டென்மார்க்கில், முட்டி மாற்றுவதற்குத் தகுதியானவர்கள் என்று டாக்டர்கள் முடிவு செய்த 100 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு அறுவை சிகிச்சையும், அதன்பின் 12 வாரம் உடற்பயிற்சி, நோய் பற்றிய விளக்க வகுப்பு, உணவு ஆலோசனை எல்லாமும். மறு பாதிக்கு அறுவை சிகிச்சை இல்லாமல் மற்றவை மட்டும். 2015-ல் முடிவு வந்தது. ஒரு வருடம் கழித்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு முன்னேற்றம் சுமார் இரண்டு மடங்கு. அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அறுவை சிகிச்சை செய்யாதவர்களிலும் 100-க்கு 68 பேர் கணிசமாக முன்னேறினார்கள். அந்த 50 பேரில் 13 பேர்தான் வருடம் முடிவதற்குள் "இல்லை, எனக்கு மாத்திடுங்க" என்று போனார்கள். கடுமையான பக்கவிளைவுகள் அறுவை சிகிச்சைப் பக்கம் 24, இந்தப் பக்கம் 6.

இந்தத் தகவல் ஒரு நோயாளிக்கு எவ்வளவு பெரியது! மாற்றினால் பலன் அதிகம், ஆபத்தும் அதிகம். மாற்றாமல் ஒழுங்காகப் பயிற்சி செய்தால் நிறைய பேருக்கு வருடத்தை ஓட்டுகிற அளவுக்குக் குறைகிறது. இதைத் தெரிந்துகொண்டு அவரே முடிவு செய்யலாம். மேலே சொன்ன ஆய்வுக்குப் பணம் கொடுத்தவர்களில் முதலில் வருவது ஓபெல் குடும்ப அறக்கட்டளை. ஒரு தனியார் தர்மம்! செயற்கை மூட்டு விற்கிற கம்பெனி இந்தக் கேள்வியை இவ்வளவு ஆசையாகக் கேட்டிருக்குமா?

விற்கிறவர் கேட்காத கேள்வி

மருந்து ஆராய்ச்சிக்குக் கம்பெனி பணம் போடும். அதில் தப்பில்லை, பல நல்ல மருந்துகள் அப்படித்தான் வந்தன. ஆனால் "இந்த வைத்தியம் உண்மையிலேயே வேலை செய்யுதா?" என்று, ஏற்கெனவே ஓஹோவென்று விற்றுக்கொண்டிருக்கிற ஒன்றைப் பார்த்துக் கேட்க விற்கிறவருக்கு என்ன அவசரம்? முட்டி வலியின் வரலாற்றில் இதற்கு இரண்டு பெரிய உதாரணங்கள் உண்டு.

முதலாவது, துளை போட்டுக் குழாய் விட்டு முட்டியைச் "சுத்தம் செய்யும்" அறுவை சிகிச்சை. அமெரிக்காவில் ஹூஸ்டனில் முன்னாள் ராணுவத்தினருக்கான அரசு மருத்துவமனையில் 180 நோயாளிகளை வைத்துச் சோதித்தார்கள். சிலருக்கு நிஜ அறுவை சிகிச்சை. சிலருக்குத் தோலில் மட்டும் கீறல் போட்டுத் தையல். யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. 2002-ல் முடிவு வந்தது. இரண்டு வருடத் தொடர் கவனிப்பில் எந்தக் கட்டத்திலும், நிஜமாகச் செய்துகொண்டவர்கள் சும்மா கீறல் போட்டவர்களைவிட மேலாக இல்லை. பணம் அரசாங்கப் பணம்.

இரண்டாவது, நம்ம மெடிக்கல் ஷாப் கவுண்டரில் இன்றைக்கும் மலிந்து கிடக்கும் குளுக்கோசமைன் மாத்திரை. அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம் பணம் போட்டு 1,583 பேரிடம் நடத்திய சோதனை 2006-ல் வெளியானது. குளுக்கோசமைன் சாப்பிட்டவர்களில் 64 சதவீதத்தினருக்கு வலி குறைந்தது. அடேயப்பா என்று தோன்றும். ஆனால் வெறும் டம்மி மாத்திரை சாப்பிட்டவர்களிலும் 60 சதவீதத்தினருக்குக் குறைந்தது. கூடவே காண்ட்ராய்டின் சேர்த்துச் சாப்பிட்டவர்களில் வலி அதிகமாக இருந்த ஒரு சின்னப் பிரிவினருக்குக் கொஞ்சம் பலன் தெரிந்தது. மொத்தக் கணக்கில் டம்மியைத் தாண்டியதாகச் சொல்ல முடியவில்லை.

அந்த 60 சதவீதத்தைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. "நான் அந்த மாத்திரை ரெண்டு மாசம் சாப்பிட்டேன், நல்லாவே கேட்டுது" என்று நாகேஸ்வர ராவ் பூங்காவில் வாக்கிங் வரும் மாமா சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. முட்டி வலி ஏறும், இறங்கும். ஏறி நிற்கும்போதுதான் நாம் மாத்திரை வாங்குகிறோம். அது தானாக இறங்கும்போது பெயர் மாத்திரைக்குப் போகிறது. நம்பிக்கைக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. தனி ஆளின் அனுபவத்தை வைத்து இந்த முடிச்சை அவிழ்க்கவே முடியாது. அதனால்தான் ஆராய்ச்சி வேண்டியிருக்கு. அதுவும் விற்பனையில் பங்கில்லாத பணத்தில்.

உடற்பயிற்சிக்கோ எடைக் குறைப்புக்கோ விற்பவர் யாரும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிப் பத்து எண்ணி இறக்கும் பயிற்சிக்குக் காப்புரிமை கிடையாது. ஒரு கிலோ எடை குறைந்தால், நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் முட்டியில் விழும் சுமை சுமார் நான்கு கிலோ குறைகிறது என்று 2005-ல் அமெரிக்காவில் அளந்து காட்டினார்கள். இதை டிவியில் யார் விளம்பரம் செய்வார்? லாபம் இல்லாத நல்ல விஷயத்தை ஊருக்குச் சொல்வதற்குத்தான் தர்மப் பணம்.

அறக்கட்டளையும் வழுக்கும்

அறக்கட்டளை என்றாலே சுத்தம் என்றும் நம்பிவிடக் கூடாது. அமெரிக்காவின் ஆர்த்ரைட்டிஸ் பவுண்டேஷன் 1948-லிருந்து இருக்கிற பெரிய அமைப்பு. 1994-ல் ஜான்சன் அண்ட் ஜான்சனைச் சேர்ந்த மெக்நீல் கம்பெனி அந்த அறக்கட்டளையின் பெயரையே போட்டு வலி மாத்திரைகளைச் சந்தைக்கு விட்டது. உள்ளே இருந்தது எல்லாக் கடையிலும் கிடைக்கிற சாதாரண வலி மருந்துதான். மாத்திரை வாங்கினால் ஆராய்ச்சிக்கு உதவுகிறீர்கள் என்ற தொனியில் விளம்பரம். ஆனால் அறக்கட்டளைக்கு வருடத்துக்குக் குறைந்தது 10 லட்சம் டாலர் என்று முன்கூட்டியே பேசி முடித்திருந்தார்கள். 19 மாநிலங்களின் அரசு வழக்கறிஞர்கள் இதைக் கேள்வி கேட்டு, 1996-ல் கம்பெனி கிட்டத்தட்ட 20 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது.

இங்கிலாந்தில் இதற்கு நேர்மாறான உதாரணம் ஒன்று. 1936-ல் எம்பயர் ருமாட்டிசம் கவுன்சில் என்று தொடங்கி, பெயர் மாறி மாறி, 2018-ல் இன்னொரு அமைப்போடு இணைந்து வெர்சஸ் ஆர்த்ரைட்டிஸ் என்று ஆன அறக்கட்டளை. லண்டனில் கென்னடி ஆய்வகத்துக்கு அது வருடக்கணக்கில் பொறுமையாகப் பணம் கொடுத்தது. அங்கேதான் ரவீந்தர் மைனியும் மார்க் ஃபெல்ட்மனும் சரவாங்கி எனப்படும் முடக்குவாதத்துக்கு டி.என்.எஃப். தடுப்பு வைத்தியத்தைக் கண்டார்கள். முதல் நோயாளிகளுக்கு 1992-ல் கொடுத்தார்கள். அது தேய்மானத்துக்கான மருந்து இல்லை, வேறு நோய். ஆனாலும் மூட்டு வலிக்கு என்று சில்லறை சில்லறையாகச் சேர்ந்த பொதுமக்கள் பணம் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு இது சாட்சி.

இரண்டு கதையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நம்ம ஊர் முகாம்களைப் பற்றி ஒரு கேள்வி வரும். கல்யாண மண்டபத்தில் இலவச எலும்பு அடர்த்தி சோதனை, இலவச எக்ஸ்ரே, இலவச ஆலோசனை. பேனரில் ஒரு அறக்கட்டளையின் பெயர், கீழே சின்ன எழுத்தில் மாத்திரைக் கம்பெனியும் ஆஸ்பத்திரியும். முகாமிலிருந்து வெளியே வருகிறவர் கையில் இருப்பது சீட்டும் சாம்பிள் மாத்திரையும் அடுத்த அப்பாயின்ட்மென்ட்டும். முட்டிக்கு என்ன பயிற்சி என்று யாராவது பத்து நிமிடம் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார்களா? நான் பார்த்த முகாம்களில் அதற்கு ஒரு மேஜைகூட இல்லை. மொத்தத்தில் அது கஸ்டமர் பிடிக்கிற வேலை. தர்மக் கணக்கில் எழுதுவதுதான் உறுத்துகிறது.

கண்ணுக்குச் செய்தோமே

"இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்ல நடக்கும், இங்க எப்படி?" என்று கேட்பவர்களுக்கு அடையாறிலேயே பதில் இருக்கு. புற்றுநோய் மருத்துவமனை வைத்தியம் மட்டும் பார்க்கவில்லை. 1980-களின் தொடக்கத்திலிருந்து சென்னை நகரத்துக்கான புற்றுநோய்ப் பதிவேட்டை அங்கேதான் வைத்து நடத்துகிறார்கள். இந்த ஊரில் எந்தப் புற்றுநோய் கூடுது, எது குறையுது என்று இன்று பேச முடிகிறது என்றால் அந்த எண்ணும் வேலையால்தான். சங்கர நேத்ராலயாவும் அப்படித்தான். சென்னைச் சர்க்கரை நோயாளிகளின் விழித்திரையைப் பரிசோதித்து, சுமார் 18 சதவீதத்தினருக்குப் பாதிப்பு இருக்கு என்று 2009-ல் எழுதினார்கள். அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது ஒரு டாடா அறக்கட்டளை. ஐ.ஐ.டி. மெட்ராஸில் 2019-ல் வெளியிட்ட, உட்கார்ந்தவரை நிற்க வைக்கும் சக்கர நாற்காலிக்கு உதவியது வெல்கம் டிரஸ்ட் என்ற லண்டன் அறக்கட்டளை. ஆக, எண்ணுவதற்கும் கண்டுபிடிப்பதற்கும் தர்மப் பணம் இந்தப் பகுதிக்கு வந்திருக்கு. முட்டி வாசலுக்குத்தான் அது வந்து நிற்கவில்லை.

இந்தியாவில் மூட்டு வலிக்கே இதைச் செய்து காட்டியது புனே. டாக்டர் அர்விந்த் சோப்ரா குழுவினர் 1996-ல் புனே மாவட்டத்தில் பிக்வான் என்ற கிராமத்தில் வீடு வீடாகப் போய் 4,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் விசாரித்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கோப்கார்ட் என்ற திட்டமுறையில் நடந்தது. சுமார் 18 சதவீதத்தினருக்கு மூட்டு, தசை, எலும்பு சார்ந்த வலி. ஒரு கிராமத்தில் இத்தனை வலி இருந்தது என்பதே அதற்கு முன்னால் யார் கணக்கிலும் இல்லை.

அதே புனே மையம் செய்த இன்னொரு வேலை எனக்கு இதைவிடப் பிடித்தது. முட்டி வலியை அளக்க உலகம் முழுக்கப் பயன்படுத்தும் வோமாக் கேள்விப் பட்டியல் கனடாவில் பிறந்தது. "காலுறை மாட்ட முடிகிறதா, குளியல் தொட்டிக்குள் இறங்கி ஏற முடிகிறதா" என்றெல்லாம் கேட்கும். மயிலாப்பூர் ஒண்டுக் குடித்தனத்தில் இருக்கும் பாட்டியிடம் குளியல் தொட்டியைப் பற்றிக் கேட்டு என்ன பிரயோஜனம்? அவருக்குத் தெரிய வேண்டியது தரையில் சம்மணம் போட முடிகிறதா, குத்துக்காலிட்டு உட்கார முடிகிறதா என்பது. புனேக்காரர்கள் பட்டியலை இந்திய வாழ்க்கைக்கு ஏற்ப மாற்றி அமைத்தார்கள். சின்ன வேலை மாதிரித் தெரியும். ஆனால் தப்பான கேள்வி கேட்டால் ஆராய்ச்சி முழுசும் தப்பாகும்.

தி.நகரில் கேட்க வேண்டியவை

நம்ம ஊருக்கென்றே சில கேள்விகள் இருக்கு. பெய்ஜிங்கில் முதியவர்களிடம் நடந்த ஆய்வில், இளம் வயதில் நீண்ட நேரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தவர்களுக்கு முட்டித் தேய்மானம் அதிகம் என்று 2004-ல் கண்டார்கள். மாட வீதியில் நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து பூக்கட்டும் அம்மாவுக்கு இது எப்படிப் பொருந்தும்? ஒரு பக்கம், "தரையில உட்காருங்க, அதுதான் முட்டிக்கு நல்லது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு கூட்டம். இன்னொரு பக்கம், "இனிமே கீழ உட்காரவே கூடாது" என்று டாக்டர். வெஸ்டர்ன் டாய்லெட் வந்தபின் நம் முட்டி நிலைமை மேலானதா? லிப்ட் இல்லாத மூன்று மாடி பிளாட்டுகளில் மேல் மாடிக்காரர்கள் எத்தனை பேர் வெளியே இறங்குவதையே நிறுத்திவிட்டார்கள்? இதற்கெல்லாம் பெரிய லேப் வேண்டாம். நோட்டும் பேனாவும், பயிற்சி பெற்ற நாலு பேரும், இரண்டு மூன்று வருடப் பொறுமையும் போதும்.

ரங்கநாதன் தெருவும் உஸ்மான் ரோடும் இன்னொரு பாடம். ஜவுளிக் கடைகளில் காலையிலிருந்து இரவு வரை நின்றே வேலை பார்க்கும் பெண்களைப் பார்க்காதவர் சென்னையில் இருக்க முடியாது. 2010-ல் வந்த 'அங்காடித் தெரு' படம் அந்த வாழ்க்கையைக் காட்டியது. 2021-ல் தமிழ்நாடு அரசு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு உட்கார இருக்கை வசதி கட்டாயம் என்று 22-ஏ பிரிவைச் சேர்த்தது. கேரளாவுக்கு அடுத்து நாம்தான். நல்ல சட்டம். ஆனால் அதன்பின் யாருடைய முட்டியாவது மேலாச்சா? நாற்காலி வந்ததா, வந்த நாற்காலியில் உட்கார விடுகிறார்களா? இதை அளக்க ஒரு மருத்துவ அறக்கட்டளையை விடப் பொருத்தமான ஆள் யார்? முட்டி வலி வருவதற்கு முன்னாலேயே தடுக்க முடியுமா என்று பார்க்கக் கிடைத்த வாய்ப்பு அது. கைக்கெட்டும் தூரத்தில் இருக்கு.

சொல்லிக் கொடுக்கிற வேலைக்கும் முன்மாதிரி உண்டு. டென்மார்க்கில் 2013-ல் தொடங்கிய கிளாட் என்ற திட்டம். இரண்டு விளக்க வகுப்பு, பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் பன்னிரண்டு பயிற்சி வகுப்பு, அவ்வளவுதான். ஆனால் வந்த ஒவ்வொருவரையும் பதிவேட்டில் எழுதி, மூன்று மாதத்திலும் ஒரு வருடத்திலும் மறுபடி விசாரிக்கிறார்கள். போதனையும் ஆராய்ச்சியும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருக்கு. நம்மிடமும் அஸ்திவாரம் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டு வாசலுக்கே வருது. அதன்மேல் ஒரு பதிவேட்டையும் தமிழில் ஒழுங்கான பாடத்தையும் சேர்ப்பது அறக்கட்டளைகளால் முடியாத காரியமா?

பணம் ஏன் அங்கே போகவில்லை

கொடுப்பவர் மனசு மட்டும் காரணம் இல்லை, சட்டமும் ஒரு காரணம். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-வது பிரிவுப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேலான கம்பெனிகள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிடணும். தடுப்பு மருத்துவம் உட்பட சுகாதாரம் அந்தப் பட்டியலில் இருக்கு. ஆனால் ஆராய்ச்சி என்று வந்தால் அரசுப் பணத்தில் இயங்கும் பல்கலைக்கழகங்கள், ஐ.ஐ.டி.க்கள், தேசிய ஆய்வகங்கள் போன்றவற்றை நோக்கித்தான் அந்தப் பட்டியல் கை காட்டுகிறது. தனியார் அறக்கட்டளை சொந்தமாக ஆராய்ச்சி செய்ய இதில் கதவு குறுகல். அதே நேரம், ஆராய்ச்சிச் சங்கங்களுக்கு நன்கொடை கொடுத்தால் 1961 வருமான வரிச் சட்டத்தின் 35-வது பிரிவில் கிடைத்துவந்த கூடுதல் கழிவு 175 சதவீதத்திலிருந்து 150 ஆகி, 2020 ஏப்ரல் முதல் வெறும் 100 ஆனது. தப்பாகப் பயன்படுத்தினவர்கள் இருந்தார்கள் என்பது வேறு விஷயம். நிஜமாகச் செய்தவர்களுக்கும் அடி விழுந்தது.

மூன்றாவது காரணம் அறிக்கை. "இந்த வருடம் 50 முட்டிகள் மாற்றினோம்" என்றால் படத்தோடு போடலாம். "600 பேரிடம் கேட்டோம், இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம்" என்றால் போர்டு மீட்டிங்கில் முகம் சுளிப்பார்கள். ஆனால் தடுப்பு மருத்துவம் என்ற தலைப்பில் பயிற்சி வகுப்புக்கும் விழிப்புணர்வுக்கும் செலவிடச் சட்டத்தில் எந்தத் தடையும் இல்லை. ஆகவே போதனைக்குப் பணம் போகாததற்குச் சட்டத்தைச் சாக்கு சொல்ல முடியாது.

நியாயமான எதிர்க்கேள்வி ஒன்று இருக்கு. "இன்னைக்கு வலியில துடிக்கிற ஏழைக்கு ஆபரேஷனை நிறுத்திட்டு, பத்து வருஷம் கழிச்சு வரப்போற ஆராய்ச்சிக்குக் கொடுக்கச் சொல்றீங்களா?" இல்லை. ஆபரேஷனுக்குக் காப்பீட்டுத் திட்டம் இருக்கு, விலைக் கட்டுப்பாடு இருக்கு, அரசு மருத்துவமனை இருக்கு. குறைகள் உண்டு, ஆனால் வழி என்று ஒன்று இருக்கு. மற்ற இரண்டு வேலைக்கு வழியே இல்லை. தர்மம் முதலில் போக வேண்டியது வேறு யாரும் போகாத இடத்துக்கு.

உங்களிடம் யாராவது முட்டி வலிக்கு என்று நன்கொடை கேட்டு வந்தால், கொடுங்க. கொடுக்கும் முன் நாலு கேள்வி மட்டும் கேளுங்க. இதில் எத்தனை பங்கு ஆபரேஷனுக்கு, எத்தனை பங்கு சொல்லிக் கொடுப்பதற்கு? வகுப்புக்கு வந்தவர் ஆறு மாசம் கழித்து எப்படி இருக்கிறார் என்று யாராவது எழுதி வைக்கிறார்களா? மாத்திரைக் கம்பெனியோ மூட்டுக் கம்பெனியோ ஸ்பான்சரா? வைத்தியத்தைச் சோதித்துப் பார்க்கிறோம் என்று சொன்னால், 2007-லிருந்து இயங்கும் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவு எண் என்ன? அங்கே பதிவு செய்யக் காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம்.

பதில் சொல்லத் தடுமாறினால் கோபப்பட வேண்டாம். பல நல்ல மனுஷர்களிடம் இதை யாரும் இதுவரை கேட்டதே இல்லை. கொடுக்கிறவர்கள் கேட்க ஆரம்பித்தால், அடுத்த வருடம் அவர்கள் அச்சடிக்கும் அறிக்கையில் ஒரு பத்தியாவது மாறும்.